மணல் இருந்தால் பாலைவனமா? – தேரிக்காட்டுச் சாலையில் ஒரு புவியியல் வகுப்பு

பாலைவனம் ஒன்றை வரையுங்கள் என்று வகுப்பில் சொல்லிப் பாருங்கள். ஆறாம் வகுப்பானாலும் ஒன்பதாம் வகுப்பானாலும் பெரும்பாலான தாள்களில் மணல்மேடு, ஒட்டகம், மேலே சுட்டெரிக்கும் சூரியன் என்ற மூன்றும் இருக்கும். தார்ப் பாலைவனத்தைப் பாடநூலில் பார்த்த குழந்தை அப்படித்தான் வரையும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் படத்தோடு சேர்ந்து, மணல் மேடாகக் கிடக்கும் நிலம் வறண்டது, வெறுமையானது, யாருக்கும் பயன்படாதது என்ற முடிவும் மாணவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. வளர்ந்து பெரியவர்களாகி ஒரு நிலத்தைப் 'பாழ்நிலம்' என்று எழுதும் இடத்தில் அவர்கள் உட்காரும்போது இந்த முடிவுதான் வேலை செய்யும்.

இதைத் திருத்த ராஜஸ்தானுக்குப் போக வேண்டியதில்லை. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டக் கடலோரத்தில் செம்மணல் குன்றுகளாக விரிந்து கிடக்கும் தேரிக்காடு நம் மாநிலத்திலேயே இருக்கிறது. பார்த்தால் பாலைவனம் போலத்தான் இருக்கும். அது பாலைவனமா இல்லையா என்பதை மாணவர்களே முடிவு செய்யட்டும் என்று, ஆயக்குடியிலிருந்து ஒரு வண்டியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை இரண்டு நாள் அழைத்துச் சென்றோம். அந்தப் பயணத்தை ஒரு பாடமாக எப்படி நடத்தலாம் என்பதை மற்ற ஆசிரியர்களுக்கும் பயன்படும்படி இங்கே தொகுத்திருக்கிறேன்.

வண்டியே வீடு

'கேரவன்' என்றால் நம் மாணவர்களுக்குத் தெரிந்தது படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான். கேரளத்தில் 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கை அறிவிக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் வீட்டையே வண்டியின் பின்னால் இழுத்துக்கொண்டு தென்கடலோரமாக அயர் நெடுஞ்சாலையில் பல நாள் பயணம் செய்வார்கள். மரமே இல்லாத நல்லார்பார் சமவெளியை ஒட்டிச் செல்லும் அந்தச் சாலையில் 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவு கூடக் கிடையாது.

ஆனால் இந்தச் சொல்லின் வேர் பாரசீக மொழியில் 'கார்வான்'. கூட்டமாகச் சேர்ந்து நெடுவழி போகும் வணிகர்கள் என்று பொருள். அதற்கு நம்மிடம் 'சாத்து' என்ற சொல் முன்பே இருக்கிறது. கோவலனின் தந்தை மாசாத்துவான் பெயரில் இருப்பதும் இந்தச் சாத்துதான். கடற்கரையில் விளைந்த உப்பை மாட்டு வண்டிகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோன உமணர்கள், பெண்டு பிள்ளைகளோடு வண்டித் தொடராகச் சென்றதைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. தமிழாசிரியரும் உடன் வந்தால் இந்தப் பகுதியை அவரே வண்டியில் நடத்திவிடலாம். எங்கள் பயணத்தில் அப்படித்தான் நடந்தது. உமணர் உப்போடு உள்நாட்டுக்கு வந்த திசைக்கு எதிர்த்திசையில், உள்நாட்டிலிருந்து உப்பை நோக்கிப் போகிறோம் என்று அவர் சொன்னதும் பிள்ளைகள் வரைபடத்தை விரித்துவிட்டார்கள்.

எங்கள் வண்டி சாதாரண வாடகை வேன்தான். தண்ணீர்க் கேன்கள், புளிசாதம், தயிர்சாதம், முதலுதவிப் பெட்டி, பாய்கள், எடை போடும் தராசு, பூதக்கண்ணாடி, காந்தம் எல்லாம் அதிலேயே இருந்தன.

ஒரு பகலில் நான்கு மண்

ஆயக்குடியிலிருந்து திருச்செந்தூர் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். திண்டுக்கல், மதுரை, அருப்புக்கோட்டை, எட்டயபுரம், தூத்துக்குடி வழியாகச் சாலை போகிறது. இந்தத் தூரத்தைத் தூங்கிக் கழிக்காமல் இருக்க மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தோம். ஒவ்வொரு மணி நேரமும் சன்னலுக்கு வெளியே தெரியும் மண்ணின் நிறம், பயிர், மரம், நீர்நிலை ஆகிய நான்கையும் குறிக்க வேண்டும்.

புறப்படும்போது கொய்யாத் தோப்புகளும் செம்மண்ணும். மதுரை தாண்டி அருப்புக்கோட்டை நெருங்கும்போது மண் கறுக்கிறது. எட்டயபுரம் வரை கரிசல். அங்கே பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் ஏன் விளைகின்றன, கரிசல் ஏன் வெடிக்கிறது, மழை நீரை அது எப்படிப் பிடித்து வைக்கிறது என்பவை பாடநூலில் உள்ளவைதான். சாலையோரம் இறங்கி, காட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஒரு பிடி எடுத்து நசுக்கிப் பார்த்தால் பாடம் கையில் ஒட்டிக்கொள்ளும்.

தூத்துக்குடியை அடைந்ததும் நிலம் வெள்ளையாகிறது. சாலையின் இருபுறமும் உப்பளப் பாத்திகள். இந்தியாவில் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடியுடையது. உப்பு விளைய நீண்ட வெயில்காலமும் காற்றும் வேண்டும், மழை குறைவாக இருக்க வேண்டும். எனவே உப்பளமே அந்த ஊரின் தட்பவெப்பம் பற்றிய ஒரு சான்று.

அங்கிருந்து முக்காணியில் தாமிரபரணியைக் கடக்கிறோம். அந்தக் காலத்தில் கடல்துறையாக இருந்த கொற்கை, ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டலால் இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கிறது. ஆற்றின் இருபுறமும் வாழையும் நெல்லும் பச்சையாக நிற்கின்றன. அந்தப் பச்சை முடிந்து திருச்செந்தூரைக் கடந்து மேற்கே காயாமொழிப் பக்கம் திரும்பினால், நான்காவது மண் வருகிறது. குங்குமம் கலந்தாற்போன்ற செம்மணல், மேடு மேடாக.

தேரி எப்படி வந்தது?

தேரி என்ற சொல்லுக்கே மணற்குன்று என்றுதான் பொருள். குதிரைமொழித் தேரி, இட்டமொழித் தேரி, குட்டம் தேரி என்று ஊர்ப் பெயரோடு சேர்த்து அழைக்கிறார்கள். இதன் மணல் துகள்கள் பெரும்பாலும் குவார்ட்ஸ். குவார்ட்ஸ் நிறமற்றது. அதன் மேல் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருப்பதால் சிவப்பாகத் தெரிகிறது. இரும்பு ஆணி துருப்பிடிப்பதைப் பார்த்த குழந்தைக்கு இதை விளக்குவது எளிது. இவற்றோடு இல்மனைட், கார்னெட், சிர்கான் போன்ற கன கனிமங்களும் கலந்திருக்கின்றன.

மணலை இங்கே குவித்தது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, ஆரல்வாய்மொழி, செங்கோட்டை போன்ற மலை இடைவெளிகள் வழியாக ஈரம் குறைந்த காற்றாகக் கிழக்கே வேகமாக வீசுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தக் காற்று ஓயாது. மலையடிவாரச் செம்மண்ணிலிருந்து நுண்மணலை இது வாரிக்கொண்டு வந்து கடலோரத்தில் சேர்த்தது என்பது ஒரு விளக்கம். கடல் மட்டம் தாழ்ந்திருந்த பழங்காலத்தில் வெளியே தெரிந்த கடலடி மணலைக் காற்று கரைமேல் ஏற்றியது என்பது இன்னொரு விளக்கம். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் 19-ஆம் நூற்றாண்டிலேயே இந்தத் தேரிகளை ஆராய்ந்து எழுதினார். 1863-இல் சென்னைப் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவரும் இவரே. தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகள் பற்றி சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் 1956-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆக, இந்த மணல்மேடுகளில் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதர்கள் நடமாடியிருக்கிறார்கள். வெறும் நிலமாக இது எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

எங்கள் பகுதி மாணவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு கேள்வி வைக்கலாம். பாலக்காட்டு இடைவெளி வழியாக வரும் ஆடிக்காற்று உடுமலை, தாராபுரம், பழனி வட்டாரத்திலும்தான் வீசுகிறது. அது ஏன் நம் ஊரில் மணற்குன்று கட்டவில்லை? வாரிக்கொள்ளத் தளர்ந்த மணல் வேண்டும், இறக்கிவைக்கத் தடையோ வேகக் குறைவோ வேண்டும், பிடித்து வைக்க வேர் இல்லாத வெற்றிடம் வேண்டும் என்று மாணவர்களே ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுவார்கள். ஒரே காற்று ஓரிடத்தில் காற்றாலையைச் சுற்றுகிறது, இன்னோரிடத்தில் குன்று கட்டுகிறது.

அப்படியானால் இது பாலைவனமா?

பாலைவனத்தை அடையாளம் காண மணலைத் தேடக் கூடாது. மழையையும் ஆவியாதலையும் கணக்குப் பார்க்க வேண்டும். ஆண்டு மழை சுமார் 250 மி.மீ.க்கும் குறைவு, ஆவியாகப் போகக்கூடிய நீர் அதைவிடப் பல மடங்கு என்றால் அது பாலைவனம். பனி மூடிய அண்டார்க்டிகா இந்தக் கணக்கின்படி உலகின் மிகப் பெரிய பாலைவனம். சகாராவிலேயே பெரும்பகுதி மணல் அல்ல, பாறையும் சரளையும்தான்.

உண்மையான கடலோரப் பாலைவனம் எப்படி இருக்கும் என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் அடகாமா. அங்குள்ள அரிகா நகரின் சராசரி ஆண்டு மழை 1 மி.மீ.க்கும் குறைவு. ஆப்பிரிக்காவில் நமீபியா நாட்டின் நமீப். இரண்டுமே கடலை ஒட்டியவை. கடல் பக்கத்தில் இருந்தும் மழை இல்லாததற்குக் காரணம் குளிர் நீரோட்டங்கள். அடகாமா கரையில் ஹம்போல்ட் நீரோட்டம், நமீப் கரையில் பெங்குவேலா நீரோட்டம். குளிர்ந்த கடலின் மேலுள்ள காற்று மேலே எழும்பாது. எழும்பாத காற்று மழைமேகம் ஆகாது, மூடுபனியாக மட்டும் கரையேறும்.

நமீபியாவில் சுவகோப்மண்ட் நகரிலிருந்து வடக்கே கடலோரமாகச் செல்லும் நெடுஞ்சாலையில் 'உப்புச் சாலை' உண்டு. ஜிப்சம் கலந்த மண்ணில் உப்புநீரைத் தெளித்து, இறுக்கி, தார் போட்டதுபோல் கெட்டியாக்கிய சாலை அது. ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது. இதைச் சொல்லிவிட்டு, "தூத்துக்குடியில்தான் உப்பு மலைபோலக் கிடக்கிறதே, இங்கே ஏன் உப்புச் சாலை போடவில்லை?" என்று மாணவர்களிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஓர் எட்டாம் வகுப்பு மாணவி சொன்னாள்: "ஐப்பசி மழைக்குக் கரைஞ்சு கடலுக்கே போயிரும் சார்." இரு கடலோரங்களுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அந்த ஒரு விடையில் இருக்கிறது.

தூத்துக்குடி மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை சுமார் 650 மி.மீ. மாநிலச் சராசரியைவிடக் குறைவுதான். ஆனாலும் பாலைவன எல்லையைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் கிடைக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தேரிக்கு அருகிலுள்ள காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. ஓராண்டுச் சராசரியைவிட அதிகமான மழை ஒரே நாளில். இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, சராசரி என்ற கணிதப் பாடத்தையும் இதை வைத்தே நடத்தலாம். சராசரி மட்டும் ஒரு நிலத்தின் கதையை முழுதாகச் சொல்லிவிடாது.

எனவே தேரி பாலைவனம் அல்ல. பகுதி வறண்ட நிலத்தில் காற்று கட்டிய மணற்குன்று. தமிழ் இலக்கணம் இந்த வேறுபாட்டை வெகு காலத்துக்கு முன்பே பிடித்திருக்கிறது. பாலைக்கென்று தனி நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் தம் இயல்பு கெட்டுத் திரியும்போது பாலை ஆகிறது என்ற கருத்து சிலப்பதிகாரத்தில் உண்டு. பாலை என்பது ஒரு நிலை. அந்த நிலைக்கு ஒரு நிலம் தள்ளப்படலாம், அதிலிருந்து மீளவும் செய்யலாம். இன்றைய சொல்லில் இதைப் பாலைவனமாதல் என்கிறோம்.

மணலுக்குள் தண்ணீர்

தேரியில் நடந்தால் ஓடை தென்படாது. குளம் இராது. 650 மி.மீ. மழை எங்கே போகிறது? பாளை சீவும் பருவம் தொடங்கிப் பனையடியில் கயிறு சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் எங்கள் மாணவர்கள் இதைக் கேட்டார்கள். "மேல ஒரு சொட்டு நிக்காது தம்பி, எல்லாத்தையும் மண்ணு குடிச்சிரும். அடியிலதான் கெடக்கு" என்றார். குடித்தது போக மீதியை அடியில் வைத்திருக்கிறது என்பதற்குக் காலடியிலேயே சான்று இருந்தது. காலை வெயிலில் மேல்மணல் சூடாகத் தொடங்கியிருந்தது. ஒரு முழம் தோண்டியதும் கை குளிர்ந்தது.

கரிசல் நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, தேரி மணல் நீரைக் கீழே அனுப்பிவிடுகிறது. துகள்களுக்கு இடையே பெரிய இடைவெளி இருப்பதால் மழை பெய்த வேகத்திலேயே உள்ளே இறங்கும். இறங்கிய நீர் வெயிலுக்கும் காற்றுக்கும் எட்டாத ஆழத்துக்குப் போய்விடுவதால் ஆவியாவது குறைவு. கீழே நீர் புகாத அடுக்கின்மேல் தேங்குகிறது. குன்றின் தாழ்வான விளிம்பில் அது ஊற்றாக வெளிப்படுவதும் உண்டு. மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலின் பெயரே இதற்குச் சாட்சி. செம்மணல் காட்டுக்கு நடுவே ஒரு சுனை, அதைக் காக்க ஒரு தெய்வம். தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் கோயில் இருக்கிறது. நீரும் நிழலும் இருக்கும் இடத்தில் தெய்வத்தை வைத்து, மரத்தை வெட்டாமல் காத்த ஊர் வழக்கத்தைச் சமூக அறிவியல் பாடத்தோடு சேர்த்துப் பேசலாம்.

திருச்செந்தூர் நாழிக்கிணறு எல்லா மாணவர்களும் வியக்கும் இடம். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உப்புக் கரிக்காத நீர். இதற்கு அறிவியல் விளக்கம் எளியது. நன்னீரின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 1000 கிலோ, கடல்நீரின் அடர்த்தி சுமார் 1025 கிலோ. எனவே மணலுக்குள் இறங்கிய மழைநீர், அடியில் ஊறிவரும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கைபென், ஹெர்ஸ்பெர்க் ஆகியோர் பெயரால் வழங்கும் கணக்கு இது: நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் h மீட்டர், கடல் மட்டத்துக்குக் கீழ் அது z மீட்டர் ஆழம் வரை இருக்கிறது என்றால்,

1025 z = 1000 (z + h)
25 z = 1000 h
z = 40 h

கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். பத்தாம் வகுப்பு மாணவர் இரண்டு நிமிடத்தில் போடும் கணக்கு. இதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அளவுக்கு மீறி நீர் இறைத்து, மேல்மட்டம் அரை மீட்டர் தாழ்ந்தால் அடியிலுள்ள உப்புநீர் காலப்போக்கில் 20 மீட்டர் மேலே ஏறிவிடும். கிணறு உப்பாகிவிடும். உடன்குடி வட்டாரத்தில் கிணற்று நீர் உப்பாவது விவசாயிகளின் நீண்டகாலக் கவலை.

இந்த இடத்தில்தான் தொடக்கத்தில் சொன்ன படம் எவ்வளவு தூரம் போகும் என்பது புரியும். ஒட்டகம் இல்லாத பாலைவனம் என்று ஒருவர் தேரியைப் பார்த்தால், மணலை அள்ளி நிரவிவிட்டு வேறு காரியத்துக்குப் பயன்படுத்தலாம் என்றுதான் தோன்றும். அதை மழைநீர் இறங்கும் வாசல் என்று பார்த்தால், கடலை அதன் எல்லையில் நிறுத்தி வைத்திருப்பதே இந்த மணல் என்பது தெரியும். மணல் நகர்ந்து வயலையும் ஊரையும் மூடாமல் இருக்கப் பனையும் உடையும் முந்திரியும் நட்டு வளர்த்த தலைமுறைகளின் உழைப்பும் இதில் இருக்கிறது. அந்தப் பனையிலிருந்துதான் உடன்குடிக் கருப்பட்டி. முந்திரியை அங்கே கொல்லாமரம் என்கிறார்கள். பாலைவனம் என்று வந்தவர்களுக்கு அந்த மண்ணின் இனிப்பை வாங்கிக் கொடுத்தோம்.

கடலோரச் சாலையில்

இரண்டாம் நாள் திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரி வரை, ஏறத்தாழ 90 கிலோமீட்டர், கடலை ஒட்டிப் பயணம். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் பனையும் உடையும். ஊருக்கும் ஊருக்கும் நடுவே நெடுந்தூரம் ஆளரவம் இல்லாத சாலை. மாணவர்களுக்கு மூன்று நிறுத்தங்கள் போதும்.

முதலாவது குலசேகரன்பட்டினம். 2024 பிப்ரவரி 28-இல் இங்கே நாட்டின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இங்கிருந்து தெற்கு நோக்கி ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைய வேண்டியதில்லை, எரிபொருள் மிச்சம். சிறிய ராக்கெட்டுகளுக்கு இது பெரிய லாபம். சாலையில் நின்றபடியே வரைபடத்தை வைத்து விளக்கலாம்.

இரண்டாவது மணப்பாடு. கடலுக்குள் நீண்ட மணல்மேட்டின்மேல் 1581-இல் கட்டப்பட்ட திருச்சிலுவை ஆலயம் இருக்கிறது. புனித சவேரியார் 1542-இல் வந்த கடற்கரை இது. கருமேனி ஆறு கடல் சேரும் இடத்தில் மணல் திட்டு உருவாகி உப்பங்கழி தேங்குவதை மேட்டிலிருந்து ஒரே பார்வையில் காணலாம். அலை, காற்று, ஆறு மூன்றும் சேர்ந்து நிலத்தை அமைப்பதற்கு இதைவிட நல்ல மாதிரி கிடைப்பது அரிது. கரையில் அடம்புக்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் மணலைப் பிடித்து வைத்திருப்பதையும் காட்டுங்கள். அவை இருக்கும் இடத்தில் மேடு, இல்லாத இடத்தில் பள்ளம்.

மூன்றாவது உவரி. கப்பல் மாதா ஆலயம், சுயம்புலிங்க சுவாமி கோயில், மீனவர் குடியிருப்பு எல்லாம் அருகருகே. கடற்கரை மணலில் கருப்பும் இளஞ்சிவப்புமாக வரிகள் தெரியும். கருப்பு இல்மனைட், இளஞ்சிவப்பு கார்னெட். கனமான துகளை அலை விட்டுச்செல்லும், இலேசான துகளை வாரிச்செல்லும். முறத்தில் அரிசி புடைப்பதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பயணம் போக முடியாத பள்ளிகளுக்கு

எல்லாப் பள்ளிக்கும் பயணம் வாய்க்காது. இந்தப் பாடத்தை வகுப்பறையிலேயே நடத்த மூன்று செயல்பாடுகள் உண்டு.

1. மண் குடிக்கும் வேகம்: மூன்று தண்ணீர்ப் பாட்டில்களின் அடியை வெட்டி, வாயில் துணி கட்டிக் கவிழ்த்து நிறுத்துங்கள். ஒன்றில் செம்மண், ஒன்றில் களிமண் அல்லது கரிசல், ஒன்றில் மணல், சம அளவில். ஒவ்வொன்றிலும் 200 மி.லி. தண்ணீர் ஊற்றி, முதல் சொட்டு விழும் நேரம், பத்து நிமிடத்தில் வடிந்த அளவு இரண்டையும் பட்டியலிடச் சொல்லுங்கள். எது நிலத்தடி நீருக்கு நல்லது, எது பயிரின் வேருக்கு நல்லது என்று விவாதம் தானாக வரும்.

2. மிதக்கும் நன்னீர்: கண்ணாடித் தம்ளரில் உப்புக் கரைசல் ஊற்றி, அதன்மேல் ஒரு கரண்டியின் வழியாக மெல்ல, நீல மை கலந்த நல்ல தண்ணீரை விடுங்கள். நீலம் மேலேயே நிற்கும். ஒரு உறிஞ்சுகுழாயால் மேல்நீரை மெதுவாக, பிறகு வேகமாக உறிஞ்சி எடுத்து, எப்போது உப்புநீர் வருகிறது என்று பார்க்கலாம்.

3. காற்றும் வேரும்: இரண்டு தட்டுகளில் உலர்ந்த மணல். ஒன்றில் மட்டும் புல் அல்லது ஈர்க்குகளை நெருக்கமாக நடுங்கள். அட்டையால் ஒரே வேகத்தில் விசிறினால் எந்தத் தட்டில் மணல் நகர்கிறது என்பது தெரியும். கண்ணில் மணல் படாதபடி மாணவர்களை விசிறுபவரின் பின்னால் நிறுத்துங்கள்.

போகிறவர்கள் கவனிக்க

உயர் அலுவலரின் முன் அனுமதியும் பெற்றோரின் ஒப்புதல் கடிதமும் இல்லாமல் புறப்பட வேண்டாம். மாணவிகள் இருந்தால் ஆசிரியைகள் உடன் வருவது கட்டாயம். இரவுப் பயணத்தைத் தவிர்த்து அதிகாலையில் கிளம்புங்கள். தேரியின் பெரும்பகுதி காப்புக்காடு. உள்ளே செல்ல வனத்துறையிடம் கேட்க வேண்டும், கோயில்களை ஒட்டிய பகுதியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. எல்லா மேடும் ஒன்றுபோலத் தெரிவதால் வழி தவறுவது எளிது. நான்கு பேருக்கு ஒரு குழுத்தலைவர், அரை மணிக்கு ஒருமுறை எண்ணிக்கை. காலை ஒன்பது மணிக்குள் அல்லது மாலை நான்குக்குப் பிறகு நடக்கலாம். நண்பகலில் மணல் காலைச் சுடும். மண்ணையோ செடியையோ எடுத்து வரக் கூடாது. காந்தத்தைத் தாளில் சுற்றி மணலில் ஓட்டி, ஒட்டும் கருந்துகளை அங்கேயே பார்த்துவிட்டு அங்கேயே உதறிவிடலாம். கடலில் இறங்குவதை முற்றிலும் தவிர்க்க வேண்டும். அந்தக் கரைகளில் சரிவும் இழுப்பும் அதிகம்.

பயணத்துக்கு ஜனவரி, பிப்ரவரி ஏற்ற மாதங்கள். எங்கள் ஊரில் தைப்பூசப் பாதயாத்திரைக் கூட்டம் ஓய்ந்த பிறகு சாலையும் வசதியாக இருக்கும்.

திரும்பி வந்த வாரம் மாணவர்களுக்குத் தேர்வு எதுவும் வைக்கவில்லை. ஒரு வேலை மட்டும் கொடுத்தோம்: நம் ஊரில் மழைநீர் நிலத்துக்குள் இறங்கும் வாசல் எது, அது திறந்திருக்கிறதா, அடைபட்டிருக்கிறதா என்று பார்த்து வரைபடம் வரைய வேண்டும். ஓடைக் கரை, குளத்தின் உள்வாய், தோப்புகளுக்கு இடையிலுள்ள மேய்ச்சல் திடல் என்று பதினோரு இடங்களைக் குறித்து வந்தார்கள். அவற்றில் சிலவற்றுக்கு ஊரில் வழங்கும் பெயர் 'சும்மா கிடக்கிற இடம்'. அந்தப் பெயரை அடித்துவிட்டு, வரைபடத்தில் 'மழை இறங்கும் இடம்' என்று எழுதியிருந்தார்கள். வரைபடம் இப்போது பள்ளி அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு அதை எடுத்துச் செல்ல வேண்டும் என்று மாணவர்கள் கேட்டிருக்கிறார்கள்.